பேனிக் என்றார் ஒருவர், பொதுப் பதற்றம் என்றார் இன்னொருவர்: இரண்டும் ஒன்றா?

நடுநிசி நடையன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மாதம் முன்பு ஒரு மாலை, லிஃப்டில் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போயின, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. கதை முடிந்தது என்றே நினைத்தேன். அவசரப் பிரிவில் இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, வெறும் பதட்டம்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த "வெறும்" இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அதற்கப்புறம் மூன்று தடவை வந்துவிட்டது. ஒரு மருத்துவர் பேனிக் டிஸ்ஆர்டர், அதாவது திடீர்ப் பீதிக் கோளாறு என்றார். எதற்கும் இன்னொருவரிடமும் காட்டிவிடலாம் என்று போனால், அவர் சீட்டில் பொதுப் பதற்றக் கோளாறு என்று எழுதினார். வீட்டுக்கு வந்து தேடினேன். சமூகப் பதற்றம், அகோராஃபோபியா (மாட்டிக்கொள்வோமோ என்று சில இடங்களுக்குப் போகப் பயப்படுவது) என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. படிக்கப் படிக்க எல்லாமே எனக்கு இருக்கிறது என்று தோன்றுகிறது. இவை எல்லாம் உண்மையிலேயே வேறு வேறா? பெயர் எதுவாக இருந்தால் என்ன, கொடுப்பது ஒரே மாத்திரைதானே?

ஒற்றெழுத்து

முதல் வேலையாக, அது பதட்டம் இல்லை, பதற்றம். பதறு என்ற வினையிலிருந்து வந்தது. (கோபித்துக்கொள்ளாதீர்கள், பழக்கதோஷம்.)

பட்டியலைப் படித்தால் எல்லாம் நமக்கே இருப்பது போலத் தோன்றுவது எனக்கும் நடந்தது. ஒரு ராத்திரியில் ஏழு வியாதி வந்து போனது. சாய்வுநாற்காலி அக்கா வரும்வரை காத்திருங்கள், அவர் இந்தத் துறையிலேயே இருக்கிறார்.

சாய்வுநாற்காலி

வந்துவிட்டேன். இங்கே வைத்து யாருக்கும் நோய்ப்பெயர் சூட்ட மாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகைகளை எப்படிப் பிரிக்கிறோம் என்று மட்டும் சொல்கிறேன்.

அறிகுறிகளை வைத்துப் பிரிக்கப் பார்த்ததால்தான் குழம்பியிருக்கிறீர்கள். உடம்பிடம் இருப்பது ஒரே ஒரு அபாய மணி. நாய் துரத்தினாலும் அதுதான் அடிக்கும், மேடையில் மைக்கைப் பிடித்தாலும் அதுதான். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு கலங்கும். சத்தத்தைக் கேட்டு வகை சொல்ல முடியாது. மணி எதற்கு அடித்தது என்று பார்க்க வேண்டும்.

அதனால் என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்பது, "அந்த நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று பயந்தீர்கள்?" என்பதுதான்.

"செத்துவிடுவேன், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்" என்றால் என் யோசனை பேனிக் பக்கம் போகும். "எல்லோரும் பார்ப்பார்கள், என்னை மட்டமாக நினைப்பார்கள்" என்றால் சமூகப் பதற்றம். "மாட்டிக்கொண்டால் வெளியே வரவும் முடியாது, உதவிக்கும் யாரும் இருக்க மாட்டார்கள்" என்றால் அகோராஃபோபியா. பாம்பு, உயரம், ஊசி என்று ஒன்றையே சுட்டிக்காட்டினால் குறிப்பிட்ட ஃபோபியா. சிலருக்கு எதையும் சுட்டிக்காட்டத் தெரியாது. வேலை போய்விடுமோ, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ, சொன்ன வார்த்தை தப்பாகப் போயிருக்குமோ என்று ஒன்று ஓய்ந்தால் அடுத்தது முளைக்கும். ஆறு மாதமாவது, பெரும்பாலான நாட்கள் அப்படியே ஓடினால்தான் பொதுப் பதற்றக் கோளாறு என்போம். அவர்கள் நெஞ்சு படபடப்பைச் சொல்லி வருவது குறைவு. கழுத்தும் தோளும் கல்லாகக் கிடக்கும், தூக்கம் வராது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார்கள், எப்போதும் அசதி. பல பேர் வருடக்கணக்கில் கழுத்து வலிக்கு மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் லிஃப்ட் சம்பவத்துக்கு வருவோம். பதற்றத்தில் மூச்சை வேகமாக, ஆழமாக இழுக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்ததும் உதட்டில் எறும்பு ஊர்ந்ததும் அதனால்தான். மூச்சு போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக இழுப்போம், மரத்துப்போவது இன்னும் கூடும். 1986இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் இந்தச் சுழலைத் தெளிவாக எழுதினார். உடம்பில் ஏதோ ஒரு சின்ன மாற்றம் தெரிகிறது. அதை மாரடைப்பு என்று மனம் வாசிக்கிறது. அந்த வாசிப்பே அபாய மணியை அடிக்கிறது. மணி அடித்ததும் படபடப்பு கூடுகிறது. "பார்த்தாயா, சொன்னேனே" என்கிறது மனம். சில நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய்விடும், அப்புறம் தானாகவே இறங்கும். இறங்கும் என்பதை நடுவில் இருப்பவரால் நம்பவே முடியாது.

இன்னொன்று. பேனிக் அட்டாக் வேறு, பேனிக் டிஸ்ஆர்டர் வேறு. அட்டாக் யாருக்கும் வரலாம், எந்தப் பதற்ற வகையிலும் வரலாம். சொல்லாமல் கொள்ளாமல் திரும்பத் திரும்ப வந்து, "அடுத்தது எப்போது வருமோ" என்ற பயமோ, அதற்காக நடவடிக்கையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதமாவது நீடித்தால்தான் டிஸ்ஆர்டர். அட்டாக்கைவிட அந்தக் காத்திருப்புதான் ஆளை அரித்துவிடும்.

நடையன், உங்களிடம் ஒரு கேள்வி. அந்த மாலைக்குப் பிறகு எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்? புதிதாக எதையெல்லாம் செய்ய ஆரம்பித்தீர்கள்?

இரும்புநெஞ்சு

யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் பயம் யாருக்குத்தான் இல்லை? முன்பெல்லாம் இத்தனை பெயர் இருந்ததா? பெயர் வைக்க வைக்க வியாதியும் பெருகுகிறது. மனதைக் கொஞ்சம் திடமாக வைத்துக்கொண்டால் போதாதா?

ஒற்றெழுத்து

@இரும்புநெஞ்சு பெயர் இல்லை, ஆள் இருந்தார்கள். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவத் தொகுப்பில் நிக்கானோர் என்று ஒருவர் வருகிறார். இரவு விருந்தில் பெண் குழல் வாசிக்கும் ஓசை கேட்டால் ஆள் நடுங்கிப்போவார். அதே ஓசையைப் பகலில் கேட்டால் ஒன்றும் ஆகாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் பலர் நெஞ்சு படபடப்போடு வந்தார்கள், இதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை. டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் அதை "எரிச்சலுற்ற இதயம்" என்று எழுதினார். துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்களிடம் போய் மனத்திடம் இல்லை என்று சொல்ல முடியுமா?

வெள்ளைக்கோட்டு

இரும்புநெஞ்சு கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. பயம் நோய் இல்லை. தேர்வுக்கு முந்தின நாள் தூங்காதவனுக்கு யாரும் சீட்டு எழுதக் கூடாது. பயத்தின் அளவு காரணத்தைவிடப் பல மடங்கு பெரிதாக, மாதக்கணக்கில் இழுத்து, வேலையையும் உறவையும் தின்ன ஆரம்பித்தால்தான் நாங்கள் கோளாறு என்கிறோம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2019இல் இப்படி வாழ்ந்தவர்கள் 30 கோடிக்கும் மேல். சிகிச்சை என்று ஏதாவது கிடைப்பது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான்.

பெயர் எதற்கு என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கதை. 1895இல் ஃப்ராய்ட் பதற்ற நரம்பு நோய் என்று தனியாக ஒன்றைப் பிரித்தார். திடீர்த் தாக்குதலும் தீராத கவலையும் அதற்குள்ளேயே ஒன்றாகக் கிடந்தன. 1960களில் டொனால்ட் க்ளைன் என்ற மருத்துவர், இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்து கொடுத்த நோயாளிகளுக்குத் திடீர்த் தாக்குதல் நின்றுபோவதைக் கண்டார். ஆனால் "மறுபடி வருமோ" என்ற எதிர்பார்ப்புப் பயம் அப்படியே இருந்தது. ஒரு மருந்து ஒன்றைத் தொட்டு இன்னொன்றைத் தொடவில்லை என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது அல்லவா? அந்த யோசனைதான் வளர்ந்து, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பேனிக் டிஸ்ஆர்டரும் பொதுப் பதற்றக் கோளாறும் தனித்தனிப் பெயர்களாயின.

தலைசுற்றி

என் கேள்வி வெட்கக்கேடானது. எனக்கு லிஃப்ட், கூட்டம், மேடை எதுவும் பிரச்சினை இல்லை. ரத்தம் பார்த்தால் விழுந்துவிடுவேன். ரத்தம் எடுக்கும் இடத்தில் அந்தப் பெண் என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, பஞ்சால் துடைத்தார். அந்தச் சில்லென்ற ஈரம் ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது மேலே சுற்றும் மின்விசிறி. ஊசியே போடவில்லை! வரிசையில் இருந்த ஒரு சின்னப் பையன் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தான். இதுவும் பதற்றத்தில் சேருமா?

சாய்வுநாற்காலி

வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்த கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், ஏனென்றால் பெயர் எதற்கு வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

மற்ற பயங்களில் மயக்கம் வருவது அபூர்வம். பேனிக்கில் "மயங்கி விழுந்துவிடுவேன்" என்று தோன்றுமே தவிர, ரத்த அழுத்தம் ஏறியே இருப்பதால் பெரும்பாலும் யாரும் விழுவதில்லை. ரத்தம், ஊசி, காயம் சம்பந்தப்பட்ட ஃபோபியாவில் மட்டும் கதை தலைகீழ். முதலில் துடிப்பும் அழுத்தமும் ஏறும், அப்புறம் சடாரென்று இறங்கும். மூளைக்குப் போகும் ரத்தம் குறையும், ஆள் சாய்ந்துவிடுவார். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

இப்போது உங்களிடம் யாராவது "ரிலாக்ஸ், உடம்பைத் தளர விடு" என்றால், அழுத்தம் இறங்கும் நேரத்தில் அது எதிர்த்திசை வைத்தியம். லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் இதற்கென்றே ஒரு முறை வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்குங்கள், முகம் சூடாவது தெரியும். அப்புறம் சாதாரண நிலைக்கு விடுங்கள், முழுக்கத் தொய்ய விட வேண்டாம். அரை நிமிடம் கழித்து மறுபடி, இப்படி ஐந்து தடவை. வீட்டில் சில நாட்கள் பழகிவிட்டுப் போங்கள். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே சொன்னால் படுக்க வைத்தே எடுப்பார்கள்.

தலைசுற்றி

என் அண்ணனும் விழுவான். இத்தனை நாள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தோம்.

மிஸ்டுகால்

நான் சமூகப் பதற்றக் கட்சி. கூச்சம் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். கூச்சக்காரர் போன் வந்தால் தயங்கி எடுப்பார். நான் போன் அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பேன், அப்புறம் "மீட்டிங்கில் இருந்தேன்" என்று செய்தி அனுப்புவேன். நானாக யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால், பேசப் போவதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வேன். "ஹலோ" உட்பட.

பேசி முடித்தபிறகுதான் உண்மையான தண்டனை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்தப் பேச்சை வரிவரியாகப் பிரேதப் பரிசோதனை செய்வேன். "சரிங்க" என்று ஏன் இரண்டு தடவை சொன்னேன், எதிரில் இருப்பவர் ஏன் ஒரு நொடி பேசாமல் இருந்தார். அவர் அடுத்த நிமிடமே மறந்திருப்பார் என்று தெரியும். தெரிந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மேடைப் பேச்சு, நிகழ்ச்சி என்று நாலு பேர் முன் செய்வதில் மட்டும் பயம் இருந்து, மற்ற இடங்களில் சகஜமாக இருப்பவர்களும் உண்டு. அவர்கள் வேறு ஜாதி. பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

வாசப்படி

அகோராஃபோபியா பற்றி ஒரு திருத்தம். திறந்தவெளி பயம் என்று தமிழில் போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். 1871இல் வெஸ்ட்ஃபால் என்ற ஜெர்மன் மருத்துவர் வைத்த பெயர் அது, கிரேக்கத்தில் அகோரா என்றால் சந்தைவெளி. எனக்குத் திறந்தவெளியும் ஆகாது, மூடிய அறையும் ஆகாது. பஸ், வரிசை, திரையரங்கின் நடு இருக்கை, தனியாக வெளியே போவது எல்லாமே கஷ்டம். பொதுவான இழை ஒன்றுதான்: இங்கே எனக்கு ஏதாவது ஆனால் எப்படித் தப்புவேன்?

எங்கே போனாலும் கண் முதலில் கதவைத் தேடும். ஓரத்து இருக்கைதான் வேண்டும். ஒரு காலத்தில் பஸ்ஸை விட்டேன், அப்புறம் பெரிய சாலையை, அப்புறம் தெருமுனையை. விட்ட ஒவ்வொரு நாளும் "அப்பாடா" என்று நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிக்குக் கொடுத்த விலை, கடைசியில் என் உலகம் வீட்டு வாசல்வரை சுருங்கிவிட்டது. அதனால்தான் இந்தப் புனைபெயர். இப்போது நாலு நிறுத்தம்வரை பஸ்ஸில் போகிறேன்.

இரட்டைப்பின்னல்

குழந்தைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் மகள் வீட்டில் வாய் மூடாது. பள்ளியில் சேர்த்து மூன்று மாதம் ஒரு சொல் பேசவில்லை. ஆசிரியைக்கு அவள் குரலே தெரியாது. பிடிவாதம் என்றார்கள், திமிர் என்றார்கள். கடைசியில்தான் தேர்ந்த மௌனம் என்று ஒரு பெயர் இருப்பதே தெரிந்தது. தேர்ந்த என்ற சொல்லே தப்பு என்பேன், அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பேச வேண்டும் என்று வாயைத் திறப்பாள், தொண்டை பூட்டிக்கொள்ளும். "சொல்லு, சொல்லு" என்று சுற்றி நின்று வற்புறுத்தியதை எல்லாம் நிறுத்திவிட்டு, ஆளில்லாத வகுப்பறையில் என்னோடு மட்டும் பேச வைத்து, அப்புறம் ஆசிரியை மெல்ல உள்ளே வந்து தூரத்தில் உட்காரும்படி செய்தோம். முதலில் கிசுகிசுப்பு வந்தது. இப்போது புகார் வருகிறது, ஓயாமல் பேசுகிறாளாம்.

சாய்வுநாற்காலி

@இரட்டைப்பின்னல் வெள்ளைக்கோட்டு சொன்ன அமெரிக்கக் கையேட்டின் 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இதைப் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்துவிட்டார்கள். நீங்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் அது சரியான இடம்தான். பிரிவுப் பதற்றமும் குழந்தைகளுக்கு மட்டும் என்று இல்லை, பெரியவர்களுக்கும் உண்டு. அதே பதிப்பில் ஓசிடியும் (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வருவது) பிடிஎஸ்டியும் (பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் கோளாறு) தனி அத்தியாயங்களுக்குப் போயின. பழைய கட்டுரைகளில் அவை பதற்றப் பட்டியலில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நடுநிசி நடையன்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் எனக்கே அதிர்ச்சி.

விட்டவை: லிஃப்ட் (ஆறாவது மாடி, ஏறித்தான் போகிறேன்), காபி, ஓடுவது, தனியாக வண்டி ஓட்டுவது. ஆரம்பித்தவை: எங்கே போனாலும் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் மாத்திரைப் பட்டை, ஒரு நாளைக்கு இருபது தடவையாவது மணிக்கட்டில் நாடி பார்ப்பது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லிஃப்டுக்கு ரொம்ப முன்பிருந்தே நான் கவலைப்படுகிற ஆள். வீட்டில் யாராவது வரத் தாமதமானால் மனதுக்குள் இறுதிச்சடங்குவரை போய்விடுவேன். இரண்டாவது மருத்துவர் நிறைய நேரம் இதைத்தான் விசாரித்தார். முதலாமவர் லிஃப்டைப் பற்றி மட்டும் கேட்டார்.

வெள்ளைக்கோட்டு

அப்படியானால் இரண்டு பேருமே சரியாகப் பார்த்திருக்கலாம். ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதற்ற வகை இருப்பது அன்றாடம் பார்ப்பது. இரண்டு சீட்டையும் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு பார்த்தார்களா என்று கேளுங்கள், அது கூடினாலும் இதே படபடப்பு, நடுக்கம், வியர்வை வரும். ரத்தசோகை, இதயத் துடிப்பின் தாளக் கோளாறு ஆகியவையும் பார்க்க வேண்டியவை. ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்துவிட்டால் போதும், வாராவாரம் இசிஜி எடுப்பது சிகிச்சை இல்லை.

"ஒரே மாத்திரைதானே" என்றீர்கள். ஓரளவு உண்மை. மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் பேனிக், பொதுப் பதற்றம், சமூகப் பதற்றம் மூன்றுக்கும் கொடுக்கப்படுகின்றன. பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதல் ஒரு வாரம், இரண்டு வாரம் படபடப்பு கூடுவது போல இருக்கும், அங்கேதான் பாதிப் பேர் பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதென்றாலும் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான். உடனே அடக்கும் பென்சோடயசபின் வகை வேறு. சீக்கிரம் கேட்கும், சீக்கிரம் பழகியும்விடும். உங்கள் சட்டைப் பையில் இருப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாய்வுநாற்காலி

மாத்திரை ஒன்றாக இருந்தாலும் பேச்சு சிகிச்சை வகைக்கு வகை மாறும், பெயரின் பலன் அங்கேதான் தெரியும். சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை, ஒரே அச்சில் வார்ப்பது கிடையாது. பேனிக்குக்கு, பயப்படுகிற உணர்வையே வேண்டுமென்று வரவழைக்கிறோம். நாற்காலியில் சுற்ற வைப்பது, ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்வது, படியில் ஓட விடுவது. "தலை சுற்றியது, சாகவில்லை" என்று உடம்பு தானே கற்றுக்கொள்ள வேண்டும். மிஸ்டுகாலுக்கு இதைச் செய்து பயனில்லை. அவர் தாளில்லாமல் போன் பேச வேண்டும், வேண்டுமென்றே ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். தீராக் கவலைக்காரருக்கு, உறுதி சொல்ல முடியாத விஷயங்களோடு வாழப் பழகும் பயிற்சி.

நடையன், உங்கள் இரண்டாவது பட்டியலை நாங்கள் பாதுகாப்பு நடத்தைகள் என்போம். பாட்டில் இருந்ததால்தான் பிழைத்தேன், நாடி பார்த்ததால்தான் பிழைத்தேன் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். அவை இல்லாமலும் பிழைத்திருப்பீர்கள் என்று கண்டுபிடிக்க அது வழியே விடாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் சிகிச்சையாளரோடு உட்கார்ந்து, இருப்பதிலேயே சுலபமானதிலிருந்து ஆரம்பியுங்கள்.

மிஸ்டுகால்

வேண்டுமென்றே தப்பா? அக்கா, படிக்கும்போதே கை வியர்க்கிறது.

இரும்புநெஞ்சு

நானும் முழுக்கப் படித்தேன். விமானத்தில் ஏற மாட்டேன் என்று பன்னிரண்டு வருடமாக ரயில்தான் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஒற்றெழுத்து

@இரும்புநெஞ்சு புனைபெயரை மாற்றுகிறீர்களா, இல்லை அப்படியே விட்டுவிடலாமா?

நடுநிசி நடையன்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். இரண்டு சீட்டையும் ஒருவரிடமே காட்டினேன். தைராய்டு சரியாக இருக்கிறது. மாத்திரை ஓடுகிறது, முதல் பத்து நாள் வெள்ளைக்கோட்டு சொன்ன மாதிரியே படுத்தியது. வாரம் ஒரு முறை பேச்சு சிகிச்சை. நாற்காலியில் சுற்றினேன், வாந்திதான் வந்தது, அட்டாக் வரவில்லை. நாடி பார்ப்பது இருபதிலிருந்து ஆறு, ஏழுக்கு இறங்கியிருக்கிறது. லிஃப்டில் இரண்டாவது மாடிவரை போகிறேன், மிச்சம் படிதான். நடுவில் ஒரு அட்டாக்கும் வந்தது.

நேற்று ராத்திரி வழக்கம்போல நடக்கப் போனேன். பாதி வழியில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி. பட்டை இருந்த சட்டை துவைக்கப் போயிருந்தது. அடிவயிறு சில்லிட்டது, நெஞ்சு ஆரம்பித்துவிட்டது. திரும்பிவிடலாம் என்று நின்றேன். அப்புறம்தான் உறைத்தது, வந்த தூரமும் திரும்பிப் போகும் தூரமும் ஒன்றுதான், இதுவரை அது இல்லாமல்தான் வந்திருக்கிறேன். முழுச் சுற்றும் முடித்துவிட்டு வந்தேன், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

மாத்திரைப் பட்டை வாஷிங் மெஷினுக்குள் இருந்தது. காகிதமெல்லாம் உரிந்துபோய், என்ன மாத்திரை என்றே படிக்க முடியவில்லை.